கறுப்பாக இருந்தால் புது டயரா? வாசகர் கேள்வி - பதில்

கார் பராமரிப்பு குறித்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில், டயர் பாலிஷ் பற்றியவை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் தரப்பட்டுள்ளது.

கேள்வி: வாட்டர் வாஷ் முடித்துக் காரைக் கொடுக்கும்போது டயர் நன்றாக மின்னுகிறது. மறுநாளே புழுதி அப்பிக்கொள்கிறது. மூன்றாம் நாள் பார்த்தால், கழுவாத டயரே பரவாயில்லை என்று தோன்றுகிறது. நானே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால் பால் போன்ற திரவம், ஜெல், ஸ்பிரே, நுரை என்று நான்கைந்து வகைகளை எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: ஜெல், ஸ்பிரே, நுரை என்பவையெல்லாம் பொருளைப் பூசுவதற்கான வசதிகளே தவிர, தரத்தைக் குறிப்பவை அல்ல. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, பாட்டிலுக்குள் இருப்பது தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதா அல்லது பெட்ரோலியக் கரைப்பானை அடிப்படையாகக் கொண்டதா என்பதைத்தான். இரண்டு வகையிலும் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் சிலிகோன் எண்ணெய்தான். தண்ணீர் வகையில் அந்த எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் பரவியிருப்பதால் திரவம் வெண்மையாகத் தெரிகிறது. தண்ணீர் ஆவியானதும் டயரின் மேல் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடுகிறது. கரைப்பான் வகை பொதுவாகத் தெளிவாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மூடியைத் திறந்தால் தின்னர் வாடை அடிக்கும். லேபிளில் தீச்சுடர் படமோ 'ஃபிளேமபிள்' என்ற எச்சரிக்கையோ அச்சிடப்பட்டிருக்கும். சந்தேகம் தீராவிட்டால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் வகையாக இருந்தால் கலந்து வெள்ளையாகப் பரவும். கரைப்பான் வகையாக இருந்தால் தனியே பிரிந்து மேலே மிதக்கும்.

கரைப்பான் வகையின் பளபளப்பு அதிகம். ஒரு மழைக்குக் கரைந்து போகாது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பே ஈரப்பிசுக்கின் பளபளப்பு என்பதால், சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் ஓயாமல் போய்வரும் உங்கள் ஊர்ச் சாலையில் அதைப் பூசிக்கொண்டு போவது, எண்ணெய் தேய்த்த தலையோடு புழுதிக் காற்றில் நிற்பது போன்றதுதான். தவிரவும், ரப்பரில் வெடிப்பு விழாமல் இருப்பதற்காக டயருக்குள் சேர்க்கப்பட்டிருக்கும் மெழுகையும் பாதுகாப்பு ரசாயனங்களையும் பெட்ரோலியக் கரைப்பான்கள் மேற்பரப்பிலிருந்து கரைத்து எடுத்துவிடக் கூடியவை. என்றோ ஒருமுறை பூசியதால் டயர் கெட்டுவிடாது. வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பதுதான் வேண்டாத வேலை. டயர் தயாரிப்பாளர்களின் பராமரிப்புக் குறிப்புகளிலும், பெட்ரோலியம் கலந்த பொருள்களைத் தவிர்க்கும்படி சொல்லப்பட்டிருப்பதைப் பரவலாகக் காணலாம்.

ஆகவே தண்ணீர் வகையையே வாங்குங்கள். அதிலும் 'மேட்' அல்லது 'சாட்டின்' என்று எழுதப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால், டயர் நனைந்தது போல மின்னாமல், கடையில் புதிதாக அடுக்கி வைத்திருக்கும் டயரின் அடர்ந்த கறுப்பில் இருக்கும்; என் பார்வைக்கு அதுவே அழகு. ஐந்து லிட்டர் கேனில் வரும் அடர்த்தியான பாலிஷைத் தண்ணீர் கலந்து பயன்படுத்த வேண்டும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் பளபளப்பு கூடும். மூன்று பங்கு கலந்தால் குறையும். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கேன் தேவையே இல்லை, அரை லிட்டர் பாட்டிலே பல மாதங்களுக்கு வரும்.

லேபிளில் 'யூ.வி. பாதுகாப்பு' என்று பெரிதாக எழுதியிருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. டயரைக் கறுப்பாக்கியிருக்கும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளே புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் சிறந்த பொருள். ரப்பருக்கு உறுதியையும் தேயாத தன்மையையும் தருவதற்காகவும் அதைச் சேர்க்கிறார்கள். கார்பன் பிளாக் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிஷெலின் டயர் நிறுவனத்தின் சின்னமாக 1898-இல் உருவாக்கப்பட்ட டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். டயரின் உள்ளேயே இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, மேலே பூசும் மெல்லிய படலம் கூட்டித் தருவது சொற்பமே. டயர் பாலிஷை அழகுக்காக மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எங்களுடையது வெள்ளை நிறக் கார். டயருக்குப் பாலிஷ் போட்ட ஒவ்வொரு முறையும், சிறிது தூரம் ஓட்டியவுடன் சக்கரத்துக்குப் பின்பக்கக் கதவின் அடிப்பகுதியிலும் மட்கார்டிலும் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெறித்திருக்கின்றன. பாலிஷ் மட்டமானதா, பூசும் முறை தவறா? வீட்டில் நாங்களே செய்வதற்குச் சரியான முறையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பெரும்பாலும் பூசும் முறைதான் காரணம். டயரின் மேல் தங்காமல் உபரியாக நிற்கும் பாலிஷ், சக்கரம் சுழலத் தொடங்கியதும் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு விளிம்பிலிருந்து தெறிக்கிறது; போகிற வழியில் டயரின் அழுக்கையும் கரைத்துக்கொண்டு போவதால் புள்ளிகள் பழுப்பாக இருக்கின்றன. அழுக்கு டயரின் மேல் பூசியது, தேவைக்கு மேல் பூசியது, காயும் முன் வண்டியை எடுத்தது ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று, அல்லது மூன்றுமே நடந்திருக்கும்.

இவற்றில் பலரும் அலட்சியமாக விட்டுவிடுவது முதலாவதைத்தான். வாட்டர் வாஷில் பீய்ச்சியடிக்கும் தண்ணீர் சேற்றைப் போக்குமே தவிர, பழைய பாலிஷையும் டயரின் மேல் படிந்துள்ள பழுப்பையும் போக்காது. டயர் கிளீனரையோ கார் ஷாம்பூவைச் சற்று அடர்த்தியாகக் கலந்த தண்ணீரையோ எடுத்துக்கொண்டு, விறைப்பான நைலான் பிரஷால் பக்கச்சுவரை வட்டமாகத் தேயுங்கள். முதல் தடவை வரும் நுரை காபி நிறத்தில் இருக்கும். கழுவிவிட்டு மறுபடியும் தேயுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. பல மாதங்களாகப் பாலிஷ் ஏறிய டயருக்கு இப்படி மூன்று நான்கு முறை தேய்க்க வேண்டியிருக்கலாம், அடுத்தடுத்த முறைகளில் ஒரு முறையே போதும். துணி துவைக்கும் சோப்புத் தூளையும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் தயவுசெய்து சக்கரத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம். ஆசிட் பட்டால் அலாய் சக்கரத்தின் மேற்பூச்சு மங்கி அரித்துவிடும், பிறகு எந்தப் பாலிஷாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வாஷ் செய்யும் கடையில் சக்கரத்துக்கென்று தனியாக ஒரு திரவத்தைப் பயன்படுத்தினால், அது ஆசிட் கலந்ததா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

சக்கரங்களை முதலில் கழுவிவிட்டு, பிறகு காரின் உடலைக் கழுவித் துடைத்து, எல்லாம் முடிந்த பின் கடைசி வேலையாகவே டயருக்குப் பாலிஷ் போட வேண்டும். டயர் முழுமையாகக் காய்ந்து, கை வைத்தால் சூடு தெரியாத நிலையில் இருக்க வேண்டும். ஓட்டிவந்த சூட்டோடு, அல்லது நண்பகல் வெயிலில் நிறுத்தி வைத்துப் பூசினால் தண்ணீர் சட்டென்று ஆவியாகித் திட்டுத்திட்டாகப் படியும். மாலை நேரமும் நிழலும் நல்லது. பாலிஷை டயரின் மேல் நேரடியாக ஊற்றாமல், ஸ்பாஞ்சில் எடுத்துப் பக்கச்சுவரில் தேய்த்துப் பரப்புங்கள். ஒரு டயருக்கு இரண்டு தேக்கரண்டி அளவு கூட வேண்டியதில்லை. எழுத்துகளும் வரிகளும் புடைத்திருக்கும் பள்ளங்களில் வெள்ளையாகத் தேங்கி நிற்பதை ஸ்பாஞ்சின் விளிம்பால் எடுத்துவிடுங்கள். ஸ்பிரே வகையையே பயன்படுத்துவதாக இருந்தாலும், ஸ்பாஞ்சில் அடித்துக்கொண்டு அதன் பிறகே டயரைத் துடைப்பது நல்லது. நேரே டயரை நோக்கி அடித்தால் பாதி பிரேக் டிஸ்க்கின் மேலும் ரிம்மின் மேலும் போய்ச் சேரும். டிஸ்க்கில் பட்ட சிலிகோன் பிரேக் பிடிப்பைக் குறைத்துவிடும் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூசிய பின் பதினைந்து இருபது நிமிடம் விட்டு, உலர்ந்த பழைய துணியால் ஒருமுறை மேலாகத் துடைத்துவிடுங்கள். உபரியை எடுப்பது இந்த ஒரு துடைப்புதான். புள்ளி தெறிக்கும் தொல்லை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். பளபளப்பு இன்னும் வேண்டும் என்றால், தடிமனாக ஒரே பூச்சாகப் போடாமல், முதல் பூச்சு காய்ந்த பிறகு மெல்லிதாக இன்னொன்று போடலாம். அதன் பின் அரை மணி நேரமாவது வண்டியை எடுக்காமல் இருங்கள்.

ஏற்கெனவே கதவில் தெறித்திருக்கும் புள்ளிகளைக் கார் ஷாம்பூவால் கழுவிப் பாருங்கள். போகாதவற்றுக்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சரிபாதி தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து அழுத்தாமல் துடைத்தால் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு போர்ட்டிகோ டைல்ஸ் அல்லது கிரானைட் தரையாக இருந்தால், சக்கரத்தின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் பூசுங்கள். சிந்திய சிலிகோன் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் தண்ணீரும் பட்டால், வயதானவர்கள் கால் வைக்கும் இடமாக அது இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக், "கடைப் பாலிஷெல்லாம் தண்டச் செலவு, பழைய இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து துடைத்தால் டயர் கறுகறுவென்று இருக்கும்" என்கிறார். தேங்காய் எண்ணெயே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எங்களுக்கு இது சரியாகப்படவில்லை. விளக்குங்கள்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. டயர் கறுகறுவென்று ஆகும் என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஏன் அப்படி ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இயற்கை ரப்பரும், கார் டயரில் அதனோடு சேர்க்கப்படும் செயற்கை ரப்பர்களும் பெட்ரோலிய எண்ணெயைத் தமக்குள் இழுத்துக்கொண்டு உப்பிப்போகும் தன்மை உடையவை. மேற்பரப்பு எண்ணெயைக் குடித்து இளகியிருப்பதைத்தான் நாம் கறுப்பு என்று பார்த்து மகிழ்கிறோம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்து, ஒன்றை மட்டும் சிறிய கண்ணாடிக் குப்பியில் டீசலில் போட்டு ஒரு நாள் கழித்து எடுத்து, மற்றதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊறியது பருத்தும் நீண்டும் இருக்கும், இழுத்தால் முன்பிருந்த வலு இருக்காது. டயர் அவ்வளவு மெல்லியது அல்ல, எண்ணெயில் ஊறவும் போவதில்லை. இருந்தாலும் வாரம் தவறாமல் டீசல் தடவினால், வளைந்து நெளிந்து வேலை செய்யும் பக்கச்சுவரின் மேல்தோலை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

பயன்படுத்திக் கழித்த இன்ஜின் ஆயிலில் உலோகத் துகள்களும், தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன. வெறுங்கையால் அதைத் துணியில் நனைத்துத் துடைப்பவரின் கையை நினைத்தால், டயரைப் பற்றிய கவலை இரண்டாவதாகிவிடுகிறது. மழை பெய்தால் அது கழுவிக்கொண்டு போய்ச் சேரும் இடம் ஓடையும் குளமும்தான்.

இதையொட்டி வழக்கில் உள்ள இன்னொரு பழக்கத்தையும் நிறுத்தச் சொல்வேன். வாட்டர் வாஷ் முடிந்ததும், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று வண்டியின் அடிப்பாகம் முழுவதும் டீசலையோ ஆயிலையோ பீய்ச்சியடிக்கும் வழக்கம் சில சர்வீஸ் ஸ்டேஷன்களில் இன்னும் இருக்கிறது. அடியில் இருப்பது இரும்பு மட்டும் அல்ல. சஸ்பென்ஷன் புஷ்கள், ஆக்ஸில் பூட் முதலிய ரப்பர் பாகங்களும் அங்கேதான் இருக்கின்றன. துருவுக்குப் பயந்து அவற்றைக் கெடுத்துக்கொள்வதில் லாபம் இல்லை. வண்டியை விடும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் டீசல் அளவுக்குத் தீங்கானது அல்ல. ஆனாலும் காற்றுப்பட்டு நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும், எறும்பு வந்தாலும் வியப்பில்லை. கடைப் பாலிஷுக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினைச் சம அளவு தண்ணீரில் கலந்து மெல்லிதாகத் துடையுங்கள். கிளிசரின் ரப்பருக்குள் ஊடுருவி அதை உப்பவைப்பதில்லை. மிதமான கறுப்பைத் தரும். முதல் மழையிலேயே கரைந்து போய்விடும் என்பது மட்டும்தான் குறை.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்குவதற்காகக் கன்சல்டிங் கடைகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாக் கார்களின் டயர்களும் புதிது போல மின்னுகின்றன. "டயர் நாலும் புதுசு சார்" என்கிறார்கள். உண்மையான வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கையோடு ஒரு ஈரத்துணியும், செல்போன் விளக்கும் கொண்டு போங்கள். பாலிஷ் போட்ட பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் எளிதில் தெரியாது. சிலிகோன் அவற்றை நிரப்பி மறைத்துவிடும். ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது தேதி. பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு குறியீட்டு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு, டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கத்தில் தயாரானது. இந்த நான்கு இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது வழக்கம் என்பதால், வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உட்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பச் சொன்னால் முன் டயர்களின் உட்பக்கம் பார்வைக்கு வரும். பின் டயர்களுக்குக் குனிந்துதான் பார்க்க வேண்டும், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். நான்கு டயர்களிலும் நான்கு வெவ்வேறு ஆண்டுகள் இருந்தால், அவை ஒரே நேரத்தில் மாற்றப்பட்டவை அல்ல என்பது உறுதி. ஸ்டெப்னியையும் பாருங்கள், பல பழைய கார்களில் அது வண்டி தயாரான ஆண்டிலேயே வந்த டயராக இருக்கும், பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பகுதி, தேயாமலே கிழடாகியிருக்கும்.

எத்தனை ஆண்டு வரை ஏற்கலாம் என்பதற்குப் பொதுவான வழிகாட்டல் உண்டு. ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஆண்டுக்கு ஒருமுறை டயரை விவரம் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டு ஆகிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் பெரிய டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் இருக்கின்றன. நம் ஊர் வெயிலையும் சாலையையும் பார்த்தால், ஆறைத் தாண்டிய டயருக்கு விலை பேசும்போது புது டயரின் செலவையும் சேர்த்தே பேசுவது புத்திசாலித்தனம்.

பட்டனைப் பார்க்கும்போது, பள்ளங்களுக்கு அடியில் குறுக்கே சிறிய மேடுகள் இருப்பதைக் கவனியுங்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. தேய்ந்த டயரின் பள்ளங்களைச் சூடான கத்தியால் ஆழப்படுத்தி விற்கும் ஏமாற்றும் உண்டு. அப்படிச் செய்த டயரில் இந்த மேடுகள் வெட்டுப்பட்டோ காணாமலோ போயிருக்கும், பள்ளத்தின் அடிப்பகுதியும் ஒழுங்கற்றுக் கரடுமுரடாகத் தெரியும். கார் டயரில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கடைசியாக, பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது கொப்புளம் போல உப்பியிருந்தால், பள்ளத்திலோ சாலைத் தடுப்பிலோ மோதி உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று அறியலாம். அதற்குப் பழுது நீக்கும் வழி கிடையாது. மினுமினுப்பில் கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது.

கேள்வி: காருக்குப் பூசி மீதமிருக்கும் பாலிஷை என் மோட்டார் சைக்கிள் டயருக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போடவே கூடாது. வளைவில் வண்டி சாயும்போது தரையைப் பிடிப்பது டயரின் ஓரம்தான். பக்கச்சுவருக்கும் அந்த ஓரத்துக்கும் இடையே விரற்கடை தூரம்கூட இருக்காது. நீங்கள் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் ஓட்டத்தில் அது ஓரத்துக்கு ஏறிவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். காரிலும் இதே காரணத்தால் தரையில் படும் பட்டன் பகுதியில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டுவிட்டால் ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்பே வண்டியை எடுங்கள். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பருக்கும் ஸ்டியரிங்குக்கும் போடலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவனுடைய கார் மாதக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. டயர் பழுப்பேறி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகளும் தெரியத் தொடங்கியிருக்கின்றன. 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத டயர். மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டால் வெடிப்பு நிற்குமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பழுப்பும் வெடிப்பும் வேறு வேறு. காற்றில் உள்ள ஓசோன், ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து வெடிப்பை உண்டாக்கும். அதைத் தடுப்பதற்காக டயர்க் கலவையில் ஓசோன் தடுப்பான் ஒன்றையும் மெழுகையும் சேர்க்கிறார்கள். இவை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே காற்றுப்பட்டு மாறும் தடுப்பான்தான் நீங்கள் காணும் பழுப்பு. அது டயர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளமே, அழுக்கு அல்ல. பார்க்கப் பிடிக்காவிட்டால் மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவலாம். வாரந்தோறும் சுரண்டியெடுக்க வேண்டாம்.

வெடிப்பு விஷயத்தில், ஓடாமல் நிற்பதுதான் கெடுதல். டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதால் மெழுகு மேலே வந்து படலத்தைப் புதுப்பிக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் டயரில் அந்தப் புதுப்பித்தல் குறைந்துவிடுவதால், குறைவாக ஓடியது என்ற காரணமே அதற்கு எதிரியாகிறது. வந்த வெடிப்பைப் பாலிஷால் ஒட்டவைக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். நீங்கள் கண்காணிக்க வேண்டிய ஒன்றை மறைத்துக்கொள்வது உங்களுக்கே நல்லதல்ல. வெடிப்புகள் மேல்தோலில் மட்டும் இருக்கின்றனவா, உள்ளே இறங்கியிருக்கின்றனவா என்று டயர் கடையில் காட்டுங்கள். உள்ளே நூலிழை தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

நல்ல நிலையில் இருந்தால், இனியாவது வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் அது நல்லது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எத்தனை பாயின்ட் காற்று என்று எழுதியிருக்கும். அது குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த டயர் நின்ற இடத்திலேயே நசுங்கி, பக்கச்சுவர் எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கும். ஓசோன் வெடிப்பு இழுபட்ட ரப்பரில்தான் விரைவாக வரும். வாசலில் மேற்கு வெயில் நேராக விழுகிறது என்றால், பாலிஷுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு கூரைத் தகடு போடலாம்.

கேள்வி: டிங்கரிங் வேலைக்குக் காரை விடப் போகிறேன். கதவும் பம்பரும் பெயின்ட் அடிக்க வேண்டும். விடும் முன் கழுவி, டயருக்கெல்லாம் பாலிஷ் போட்டுக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கழுவிக் கொடுங்கள், பாலிஷ் வேண்டாம். சிலிகோன் சிறிதளவு பட்ட இடத்திலும் புது பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போலச் சிறு குழிகள் விழும். பெயின்ட் ஷெட்டில் சிலிகோன் பாட்டிலைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். சமீபத்தில் போட்டிருந்தால் அதை அவர்களிடம் சொல்லிவிட்டால், மேற்பரப்பைக் கூடுதலாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

கேள்வி: நேற்றுத்தான் நான்கு டயரும் மாற்றினேன். உடனே பாலிஷ் போடலாமா? டயர் முழுவதும் முள் முள்ளாக ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டால் பூசுவதற்கு வசதியாக இருக்குமே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: புது டயரை அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகத் தடவும் ஒரு வழுக்குப் பொருள் அதன் மேல் இன்னும் மிச்சம் இருக்கும். அதனால்தான், முதல் சில நூறு கிலோமீட்டர் வரை வேகத்தைக் குறைத்து, திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டச் சொல்கிறார்கள். அதன் மேல் பாலிஷ் சரியாக ஒட்டாது, தெறிக்கவும் செய்யும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின் முதல் பூச்சைப் போடுங்கள். அதுவரை புது டயரின் கறுப்பே போதுமானது.

அந்த முடிகள் அச்சில் இருக்கும் காற்றுத் துளைகளுக்குள் ரப்பர் புகுந்து உண்டானவை. அவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பட்டனில் உள்ளவை ஓட ஓடத் தாமாகத் தேய்ந்துவிடும். பக்கச்சுவரில் உள்ளவை சில ஆண்டுகள்கூட இருக்கும். உறுத்தலாகத் தெரிந்தால் கையால் கிள்ளி எடுத்துவிடலாம். பிளேடு, கத்தி எதையும் பக்கச்சுவரின் அருகே கொண்டுபோக வேண்டாம்.